அரைவார எஞ்சினியர்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கிழக்கு நகராட்சியின் மாடி அறையில், எஞ்சினியர் அன்றைய முதல் தபாலைப் பிரித்தார். மேற்கு நகராட்சியிலிருந்து வந்திருந்தது. எல்லைத் தெருவில் உள்ள சிறுபாலம் அடைத்துக்கொண்டு, சாக்கடை எதிர்த்து வீடுகளுக்குள் ஏறுவதாகவும், மேற்படி பாலம் கிழக்கு நகராட்சிக்குச் சொந்தமானது என்பதால் தாங்களே உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் கண்டிருந்தது. கடிதத்தின் தோரணை அவருக்குப் பிடிக்கவில்லை. 'இனியும் காலதாமதம் செய்யும் பட்சத்தில்' என்று ஓரிடத்தில் லேசாக மிரட்டல்கூட இருந்தது. யார் எழுதியது என்று கீழே பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நேற்று மாலை மூன்றரை மணிக்கு மேற்கு நகராட்சியில் உட்கார்ந்து அதில் கையெழுத்துப் போட்டவர் அவரேதான்.

இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் சிறிய நகராட்சிகள். தனித்தனியாக ஓர் எஞ்சினியரை வைத்துக்கொள்ள இரண்டுக்கும் வக்கில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசி ஒரு பொதுச் சேவை ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இரு ஊருக்கும் பொதுவானவை என்று இணைப்புப் பட்டியலில் மூன்று இருந்தன: அடைப்பு எடுக்கும் லாரி ஒன்று, தெருவிளக்கு ஏணி வண்டி ஒன்று, எஞ்சினியர் ஒருவர். திங்கள் முதல் புதன் வரை மேற்கு, வியாழன் முதல் சனி வரை கிழக்கு. ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒப்பந்தம் வாயே திறக்கவில்லை. மேற்குக்குப் பச்சைப் பை, கிழக்குக்குப் பழுப்புப் பை. ஒவ்வொரு பையிலும் ஒரு முத்திரை, ஒரு பேனா, ஒரு மைப்பெட்டி. ஒரு தரம் மேற்கு முத்திரையைக் கிழக்குக் காகிதத்தில் குத்திவிட்டு, அதற்கு விளக்கம் கேட்டு இரண்டு ஆபீஸிலிருந்தும் கடிதம் வந்து, இரண்டுக்கும் அவரே பதில் எழுதியதிலிருந்து பைகளில் மட்டும் அவர் ரொம்ப உஷார். இரண்டு ஊரிலும் அவருக்குப் பட்டப்பெயர் அரைவாரம்.

சிறுபால விவகாரத்தை அவரேதான் கட்டி வளர்த்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் மேற்குச் செயலாளர், "அந்தப் பாலம் நம்மளுதா பாருங்க" என்றார். எஞ்சினியர் மேற்கின் வரைபடத்தை விரித்தார். எல்லைக் கோடு பாலத்துக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. 'பாலம் நமது எல்லைக்குள் இல்லை' என்று சான்று எழுதினார். ஆறு மாதம் கழித்துக் கிழக்குச் செயலாளரம்மா அதே கேள்வியைக் கேட்டார். கிழக்கின் வரைபடத்தை விரித்தார். அதிலும் கோடு பாலத்துக்கு நாலடி முன்னால் நின்றது. 'பாலம் நமது எல்லைக்குள் இல்லை.' இரண்டும் பொய்யில்லை. இரண்டையும் எழுதிய கைதான் ஒன்று. நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் எல்லைத் தெருவுக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. மேற்கில் இருக்கும்போது அது கிழக்கு. கிழக்கில் இருக்கும்போது அது மேற்கு.

பழுப்புப் பையிலிருந்து பேனாவை எடுத்து பதில் எழுத ஆரம்பித்தார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் குறிப்பிடும் பாலம் எங்கள் வரைபடத்தில் காணப்படவில்லை.' முதல் வருடத்தில் இப்படி எழுதும்போது அவருக்கே சிரிப்பு வரும். வீட்டில் போய் மனைவியிடம் நடித்துக் காட்டுவார். இப்போது சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியாதது இன்னொரு எரிச்சல்.

"சார்."

நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது. எல்லைத் தெருத் தையல்காரம்மா. பாலத்துக்குப் பக்கத்திலேயே வீடு. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமலே பஸ் ஏறி வந்துவிடுவாள்.

"செவ்வாய்க்கிழமைதான உங்ககிட்ட சொன்னேன். ஒண்ணும் நடக்கலையே சார்."

"செவ்வாய்க்கிழமை நீங்க சொன்னது மேற்கு ஆபீஸ்லம்மா. அங்கேருந்து கடிதம் வந்திருக்கு. இப்பதான் பாக்குறேன்."

"யாரு எழுதின கடிதம்?"

எஞ்சினியர் பேனா மூடியைத் திருகினார். "நான்தான்."

"அப்ப விஷயம் உங்களுக்குத் தெரியும்ல."

"எனக்குத் தெரியும்மா. இந்த ஆபீஸுக்குத் தெரியாது. இங்க ஒரு மனு குடுத்தீங்கன்னா..."

அவள் பையிலிருந்து மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எழுதியே கொண்டுவந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை கொடுத்த அதே மனு, மேலே விலாசம் மட்டும் வேறு. அவர் படிக்கத் தொடங்கியதும், "அதைப் படிக்க வேணாம் சார், அன்னிக்கே படிச்சீங்க" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிற அக்கறையோடு சொன்னாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்காரர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குக் கட்டிலைவிட்டுக் கால் கீழே ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அந்தக் கட்டிலுக்கு வந்துவிடும். முதல் வருடம் கட்டில் கால்களுக்கு ஒவ்வொரு செங்கல் வைத்தார்கள். அடுத்த வருடம் இரண்டு. இந்த வருடம் மூன்று வைத்திருக்கிறாள்.

"மழைக்கு முன்னால அந்த லாரிய ஒரு மணி நேரம் அனுப்பினா போதும் சார். அவரைத் தூக்கிட்டுப் போக என்கிட்ட ஆள் இல்ல. தகடு விலகுச்சுன்னா மறுபடி மொதல்லேருந்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"லாரியும் பொதுதான்மா. பாலம் எந்த ஊருதோ அந்த ஊரு எழுதிக் கேட்டாத்தான் லாரி வரும்."

"எழுதிக் கேக்கறது யாரு சார்?"

எஞ்சினியர் மைப்பெட்டியைத் திறந்தார். அவள் மனுவின் நகலில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பி, "ஒரு தடவ வந்து கண்ணால பாருங்க சார்" என்றாள்.

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்" என்ற சொல்லுக்கு ஆபீஸில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மதியம் கிழக்குச் செயலாளரம்மா கூப்பிட்டனுப்பினார். "நாளைக்குக் கூட்டுக் குழு. ஒப்பந்தத்த மூணு வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். புதுப்பிச்சாத்தான் உங்களுக்கும் வேலை. அந்தப் பாலம் ஒரு தீர்மானமா வருது. நம்மளுதுன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க எஞ்சினியர்." சாயங்காலம் மேற்குச் செயலாளர் போனில் அழைத்து அதையே இன்னும் கொஞ்சம் அன்பாகச் சொன்னார். இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. பாலத்தை ஏற்றுக்கொண்டால் அதன்பின் அந்தச் சாக்கடை, அந்தத் தெரு, அதிலுள்ள பள்ளம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டிவரும் என்கிற பயம்தான்.

கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, கிழக்கு நகராட்சி மண்டபத்தில். நடுநிலையாக இருக்கட்டும் என்று மேற்கிலிருந்து ஒரு மேஜையைக் கொண்டுவந்து கிழக்கின் மேஜையோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். மேற்கின் மேஜை இரண்டு விரல்கடை அதிக உயரம். எஞ்சினியரின் நாற்காலியைச் சரியாக அந்த இணைப்பில் போட்டார்கள். காகிதத்தை எங்கே வைத்தாலும் பாதி மேலும் பாதி கீழுமாகத்தான் இருந்தது. மேற்குத் தலைவர் பேசினார். பகிர்ந்துகொள்வதில் இரண்டு ஊரும் எல்லோருக்கும் முன்னுதாரணம் என்றார். எல்லைத் தெருவில் போன வருடம் இரண்டு ஊரும் ஆளுக்கொரு வரவேற்புத் தூண் எழுப்பியதைக் குறிப்பிட்டு, இரண்டுக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்தது நம்முடைய எஞ்சினியர்தான் என்றார். கை தட்டினார்கள். எஞ்சினியர் பாதி எழுந்து பாதி கும்பிட்டு உட்கார்ந்தார்.

பிறகு பாலம் வந்தது.

"மேற்கு சார்பில் தொழில்நுட்பக் கருத்து?" என்றார் தலைவர்.

எஞ்சினியர் எழுந்தார். "மேற்கின் வரைபடப்படி பாலம் எல்லைக்கு வெளியே."

"கிழக்கு சார்பில்?"

அவர் இன்னும் உட்காரவில்லை. இருந்தாலும் மரியாதைக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். "கிழக்கின் வரைபடப்படியும் வெளியே."

இப்போது சொல்லலாம் என்று அவருக்குத் தொண்டைவரை வந்தது. ஒரு மனிதர் கட்டிலில் கிடக்கிறார், மூன்று செங்கல் வைத்திருக்கிறார்கள், பாலம் யாருடையதானாலும் நாளைக்கு லாரியை அனுப்புங்கள் என்று. செயலாளரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். மேற்குச் செயலாளரும் பார்த்தார். மூன்று வருடம். வீட்டுக் கடன். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு வேலை தேடுவது. "இரண்டு எஞ்சினியர்களும் கூட்டாகக் கள ஆய்வு செய்வது நல்லது" என்று மென்று முழுங்கிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. 'இருவரும் பணியில் இருக்கும் பொதுவான நாளில் கூட்டு ஆய்வு நடத்தி அறிக்கை அளிப்பது' என்று தீர்மானம் எழுதினார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மறுபடி கை தட்டினார்கள்.

சனிக்கிழமை மாலை அவருடைய மனைவி அந்தத் தீர்மானத்தின் நகலைப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டாவது தரம் படித்துவிட்டுத்தான் பேசுவாள்.

"ரெண்டு பேரும் வேலையில இருக்கற நாளா? நீங்க மூணு நாள் அங்க, மூணு நாள் இங்க. அப்படி ஒரு நாளே கெடையாதே."

"அதனாலதான் எல்லாரும் கை தட்டினாங்க."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்து அவரிடம் நீட்டினாள். "அந்தம்மா வீட்டுக்காரருக்கு எத்தன செங்கல்னு சொன்னீங்க?"

"மூணு."

"இத நீங்களே எழுதிக் குடுத்தீங்களாக்கும்" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஊர் ஒரு பக்கம், அந்த ஊர் ஒரு பக்கம், வீட்டுக்கு வந்தால் இவள் ஒரு பக்கம். லாரியைப் போல எங்காவது கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போய்விட்டால் தேவலை என்று நினைத்தார். லாரியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோதே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குப் பிடித்த மழை எட்டு மணிக்கும் விடவில்லை. எஞ்சினியர் ஜன்னலருகே நின்று தன் வீட்டு முற்றத்து வடிகாலில் தண்ணீர் சுழித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இறங்கியது. அது இறங்கிய லட்சணத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து ஸ்கூட்டரில் கட்டினார். பச்சைப் பை, பழுப்புப் பை இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்னால் மாட்டினார். மனைவி கதவருகே வந்தாள்.

"ஞாயித்துக்கிழமையாவது எனக்குன்னு நெனச்சேன்."

"வந்துடுவேன்."

"மெதுவா வாங்க. மழக்கோட்ட போட்டுக்கிட்டுப் போங்க."

எல்லைத் தெருவை அவர் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். தெருமுனையில் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டவை தூண்கள்தான். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். சாக்கடைக்கு இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றுமாக, தோளுயரச் செங்கல் மேடைகளின்மேல் நின்றன. நீலத்தில் மேற்கு நகராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது என்றும், மஞ்சளில் கிழக்கு நகராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது என்றும் எழுதியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாலத்தின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் கடப்பாரையை விட்டுத் துழாவினார். வெறும் சேறு இல்லை. வெறும் குப்பையும் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து செங்கல் கட்டு, அந்தப் பக்கத்திலிருந்து செங்கல் கட்டு. நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் சந்து. இரண்டு தூண்களின் அடிமேடையும் சாக்கடைக்குள்ளேயே இறங்கியிருந்தன.

மேற்கின் தூணுக்கு ஒரு புதன்கிழமை கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. அதைப் பார்த்துக் கிழக்கும் கேட்டது. அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு வரைபடத்திலும் அந்த இடம் வெள்ளையாக, காலியாக இருந்தது. காலி இடம்தானே என்று அடையாளம் போட்டுக் கொடுத்தார். ஏற்கெனவே சேறு கட்டியிருந்த பாலத்தின் வாயை அவர்தான் செங்கல் வைத்து மூடியிருக்கிறார். எத்தனை லாரி வந்தாலும் இதை உறிஞ்ச முடியாது. மழையில் நின்றபடி தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டார்.

"சார், நீங்களா?"

தையல்காரம்மா வாசலில் நின்றிருந்தாள். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள். படியைத் தாண்டி உள்ளே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவரை, கடப்பாரையை, ஸ்கூட்டரில் தொங்கிய இரண்டு பைகளை மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னிக்கு நீங்க எந்த ஊரு சார்?"

அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். பைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். ஒரே அறை. தையல் மெஷினை பெஞ்சின்மேல் ஏற்றிக் கயிற்றால் கட்டியிருந்தாள். வெட்டிய துணிகள் மூட்டையாக ஆணியில் தொங்கின. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த பெயின்டர் தலையை மட்டும் திருப்பினார்.

"வாங்க சார். உக்காரச் சொல்லலாம்னா நாற்காலி மெதக்குது." தலையணைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் கட்டில் கால் தெரியும்படி. "அப்பப்ப பாத்துக்கறேன். ரெண்டு செங்கல் தெரியுது. காலையில மூணு தெரிஞ்சுது."

"அந்தத் தூணுங்கதான் அடச்சிட்டிருக்கு" என்றார் எஞ்சினியர்.

"தெரியும் சார். கட்டும்போதே சொன்னேன். மேல பெயின்ட் அடிச்சது நான்தான். ரெண்டுக்கும்."

எஞ்சினியருக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "சொன்னீங்களா? யார்கிட்ட?"

"மேஸ்திரிகிட்ட. எஞ்சினியர் கையெழுத்துப் போட்டுட்டாரு, நீ பெயின்ட அடின்னாரு."

எஞ்சினியர் தையல் மெஷினின் பலகைமேல் அவளுடைய மனு நகலைத் திருப்பிப் போடச் சொன்னார். பின்பக்கத்தில் எழுதினார். 'இரு நகராட்சிகளின் பொறியாளர்களும் இன்று கூட்டாக நேரில் ஆய்வு செய்தோம். பாலத்தின் வாயை அடைத்திருப்பவை இரு நகராட்சிகளும் கட்டிய வரவேற்புத் தூண்கள். அவற்றுக்குத் தவறாக ஒப்புதல் அளித்தது நாங்களே. ஓர் உயிருக்கு ஆபத்து என்பதால் உடனே அகற்றப்படுகின்றன. இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.' பச்சைப் பையின் பேனாவால் ஒரு கையெழுத்து, முத்திரை. பழுப்புப் பையின் பேனாவால் இன்னொரு கையெழுத்து, முத்திரை. நான்கு வருடத்தில் இரண்டும் ஒரே காகிதத்தில் விழுந்தது அதுதான் முதல்முறை. இரண்டாவது முத்திரை கோணலாக விழுந்தது. காகிதத்தைப் பெயின்டரிடம் கொடுத்தார். அவர் அதை முகத்துக்கு மேலே பிடித்துப் படித்தார்.

"ரெண்டு பேர் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கே சார்."

"பத்திரமா வைங்க. நாளைக்குக் கேப்பாங்க."

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றாள் தையல்காரம்மா.

"தெரியலம்மா" என்றார். உண்மையாகவே தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்ட வேலை மூன்றாவது நாளே போனால் அதற்கு எந்தச் செயலாளர் கடிதம் எழுதுவார், அதற்கு யார் பதில் எழுதுவார் என்று ஒரு யோசனை வந்து போனது.

வெளியே வந்து நீலத் தூணின் அடியில் கடப்பாரையை ஊன்றினார். அது அவர் நின்ற கரைக்குக் கிட்டே இருந்தது, அவ்வளவுதான். பூச்சு சுலபமாக உதிர்ந்தது. மேடையின் கட்டு உதிரவில்லை. இருபது தடவை ஓங்கியிருப்பார். உள்ளங்கை எரிந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. யாரோ போனில் படம் எடுத்தார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். தண்ணீர் இறங்க இந்த மேடை முழுக்கப் பெயர வேண்டும். அதற்கு எத்தனை நேரமாகும் என்று மனம் தன்னிச்சையாகக் கணக்குப் போட்டது. கணக்கு அவருக்குச் சாதகமாக இல்லை.

கடைசியில் மேல்வரிசையில் ஒரு செங்கல் ஆடி, முழுசாகப் பெயர்ந்து வந்தது. அதைத் தூர எறியப் போனார். தையல்காரம்மா கையை நீட்டினாள். வாங்கி, ஒட்டியிருந்த சிமெண்டைப் படிக்கல்லில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போனாள். வாசல் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் ஒரு மூலைக்கு அடியில் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினாள். பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு கையால் அவள் செங்கலைத் தள்ளி உள்ளே செருகினாள்.

"ஒரு காலுக்கு ஆச்சு சார்" என்று பெயின்டரின் குரல் வந்தது. "இன்னும் மூணு கால் இருக்கு."

எஞ்சினியர் முகத்து மழையை வழித்துவிட்டுக்கொண்டார். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தட்டுத் தடுமாறி அடுத்த கரைக்குப் போய், மஞ்சள் தூணின் அடியில் ஊன்றினார்.